நாலாம் வகுப்பின் டீ இடைவேளை

மாவட்டக் கல்வி அலுவலகத்தில் பொதுமக்கள் காத்திருக்க இரண்டு பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். ஒன்றில் உட்கார முடியாது. இன்னொன்றில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அண்ணியும் நானும் இரண்டாவதில் சிக்கியிருந்தோம்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. ஊருக்கு அவர் துப்பறியும் நிபுணர், எனக்கு முதலாளி. என் சம்பளத்தைக் 'குடும்பப் பாசம்' என்ற தலைப்பில் வழங்கி வருகிறார்.

எங்கள் கட்சிக்காரர் ஒரு கம்ப்யூட்டர் டீச்சர். மேட்டின் மேல் இருப்பதால் எல்லோரும் மேட்டுப் பள்ளி என்று சொல்லும் அரசுப் பள்ளியில் வேலை. அந்தப் பள்ளிக்கு ஒரு பீரோ நிறைய டேப்லெட்டுகள் வந்தன. விழுங்குகிற வகை இல்லை, விரலால் தேய்க்கிற வகை. பாடம், கணக்கு, கதை எல்லாம் உள்ளேயே இருக்கும். வந்த அன்றே தலைமையாசிரியர் பீரோவைப் பூட்டிச் சாவியை டீச்சரிடம் கொடுத்துவிட்டார். "பசங்க தொட்டா உடைஞ்சிடும், உடைஞ்சா நான்தான் பதில் சொல்லணும்" என்பது அவருடைய கல்விக் கொள்கை.

போன மாதம் இருப்புச் சரிபார்க்கத் திறந்தபோது பீரோ காலி. பூட்டில் கீறல்கூட இல்லை. சாவி வைத்திருந்தவர் டீச்சர், ஆகவே திருடியவர் டீச்சர் என்று முடிவு செய்து, உடனே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். விசாரணை இந்த வேகத்தில் போனால் வேலையோடு சேர்த்து ஆளும் உள்ளே போகவேண்டியதுதான்.

எதிர்ச் சுவரில் பெரிய திரை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பள்ளி எவ்வளவு நேரம் டேப்லெட்டில் படிக்கிறது என்று அதுவே கணக்கெடுத்து வரிசையாகக் காட்டும். பெரும்பாலான பள்ளிகளுக்கு நேரே முட்டை. உச்சியில் மட்டும் ஒரு பெயர் பச்சைப் பசேல் என்று மின்னியது.

மேட்டுப் பள்ளி.

"அண்ணி, காணாமப்போன டேப்லெட்டெல்லாம் ராப்பகலா படிக்குது போல!"

"கவனிச்சேன்" என்றார் அண்ணி. "பள்ளிக்கூடத்துல இருந்தப்போ படிக்கல. திருட்டுப் போனப்புறம்தான் புத்தி வந்திருக்கு. அந்தக் கோட்டைப் பாரு. பதினோரு மணிக்கு விழுந்து எந்திரிக்குது. மறுபடி நாலு மணிக்கு விழுந்து எந்திரிக்குது. அது என்ன?"

"இன்டர்வெல்லா இருக்கும்."

"சின்ன வகுப்புங்களை மூணரைக்கே விட்டுடுவாங்க. நாலு மணிக்கு எந்தக் குழந்தைக்குத் தம்பி இன்டர்வெல்?"

நான் திரையில் குழந்தையைத் தேடினேன்.

"டீ" என்றார் அண்ணி. "நாலாம் வகுப்பு மொத்தமா டீ குடிக்கப் போயிருக்கு. ஞாயித்துக்கிழமையும் கோடு ஓடுது பாரு. ஓவர்டைம்."

அந்த நேரம் பார்த்துத் திரையிலிருந்து கைதட்டல் கேட்டது. 'இன்றைய சிறந்த வாசிப்பு! மேட்டுப் பள்ளி, நாலாம் வகுப்பு!' என்று ஓர் இயந்திரக் குரல் அறிவித்தது. பிறகு அந்த மாணவன் வாசித்தான்.

"குட்டி முயல்... காட்டைத் தாண்டி... பாட்டி வீட்டுக்குப் போச்சு."

வாசித்த மாணவனுக்குக் குரல் உடைந்து குறைந்தது இருபது வருடம் ஆகியிருக்கும். முயல் காட்டைத் தாண்டுவதைக் கடன் தவணை கட்டப் போவதுபோல வாசித்தான். அவனுக்குப் பின்னணியில் யாரோ ட்ரம்பெட் ஊதிக்கொண்டிருந்தார்கள். ஒரே மெட்டு மேலே ஏறி, ஒரே இடத்தில் தடுக்கிக் குப்புற விழுந்தது. மறுபடி எழுந்தது. மறுபடி அதே இடத்தில் விழுந்தது.

'அருமை, கண்ணா! ஐந்து நட்சத்திரம்!' என்றது இயந்திரம்.

சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் தலை நிமிரவில்லை. அங்கே காத்திருப்பவர்கள் எதைக் கேட்டும் ஆச்சரியப்படுகிற கட்டத்தைத் தாண்டியவர்கள்.

"ரெக்கார்ட் பண்ணியா?" என்றார் அண்ணி.

"முயல் பாட்டி வீட்டு வாசல் வரைக்கும் வந்துடுச்சு அண்ணி" என்று போனைக் காட்டினேன்.

தொழில்நுட்பத் திட்ட அலுவலரின் அறைக்குள் ஏசி குளிர் எலும்பைத் தொட்டது. மேசை மேல் தலையணைக்குப் போட்டியாக ஒரு புத்தகம். ஐந்தாண்டுத் தொழில்நுட்பத் திட்டம்.

"இதை எத்தனை பேர் படிச்சிருக்காங்க சார்?" என்று அண்ணி பணிவாகக் கேட்டார்.

"எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்கம்மா" என்றார் அலுவலர் பெருமையாக. "முதல் கட்ட நிதி மொத்தத்தையும் செலவு பண்ணின ஒரே மாவட்டம் நம்மதுதான். வருஷம் முடியறதுக்குள்ள செலவு பண்ணலன்னா பணம் திரும்பிப் போயிடும். போன பணம் கோவிச்சுக்கும், அடுத்த வருஷம் வராது."

"டேப்லெட்டை வெச்சு எப்படிப் பாடம் நடத்தணும்னு டீச்சர்களுக்குப் பயிற்சி?"

"அது ரெண்டாம் கட்டம்."

"பள்ளிக்கூடத்துக்கு இன்டர்நெட்?"

"மூணாம் கட்டம்."

"கரண்ட்?" என்று நான் கேட்டேன்.

"அது வேற டிபார்ட்மென்ட்" என்றார் அவர், என்னை முதல் தடவையாகப் பார்த்து.

"ரெண்டாம் கட்ட நிதி எப்ப வரும் சார்?"

"நாளைக்கு நிதிக் குழு வருது. புள்ளைங்க நிஜமாவே உபயோகிக்கிறாங்கன்னு காட்டினாத்தான் தருவாங்களாம். நம்ம முதலிடப் பள்ளியை ஸ்கிரீன்ல காட்டப்போறேன்."

"மேட்டுப் பள்ளியா? அங்கதானே சார் எல்லாம் திருட்டுப் போச்சு?"

அலுவலர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "அது ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவு. எங்க பிரிவுக்கு எழுத்துமூலமா வரல. எழுத்துமூலமா வராதது நடக்கலம்மா."

அவருடைய போன் அடித்தது. பேரைப் பார்த்ததும் முகம் மாறி, "ஒரு நிமிஷம்" என்று வெளியே போனார்.

மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு பீரோ நின்றது. அண்ணி கைப்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தார். மேட்டுப் பள்ளிச் சாவி. டீச்சரை வேலையிலிருந்து நிறுத்தும் அவசரத்தில் சாவியைத் திருப்பி வாங்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அண்ணி அதைப் பூட்டில் நுழைத்துத் திருகினார். பீரோ சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைபோலத் திறந்தது. உள்ளே ஒரு துண்டு, ஒரு சீப்பு, தலைக்குப் பூசும் சாயம்.

"அண்ணி! இது எப்படி?"

"டேப்லெட்டோட பீரோவையும் மொத்தமா வாங்கியிருக்காங்க. மொத்தமா வாங்கினா மலிவு. பூட்டு எல்லாம் ஒரே பூட்டு."

"அப்ப மாவட்டத்துல பீரோ வெச்சிருக்கிற யாரு வேணும்னாலும்..."

"மேட்டுப் பள்ளிப் பீரோவைத் திறக்கலாம். டீச்சர்கிட்ட மட்டும்தான் சாவின்னு சொன்னது பொய்." அண்ணி பீரோவைச் சாத்தினார். "வா, போகலாம். இங்க சாயம் வெளுத்துடுச்சு."

டீச்சர் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தார். கூடத்தில் கல்யாணப் போட்டோ. அதில் டீச்சர் சிரித்துக்கொண்டும், பக்கத்தில் மீசைக்காரக் கணவர் போட்டோகிராபருக்குப் பயந்துகொண்டும் நின்றார்கள்.

"வீட்டுக்காரர் வேலைக்குப் போயிருக்கார் மேடம். டேட்டா என்ட்ரி. ரெண்டு வருஷமா அலைஞ்சார். நான் வீட்ல உட்கார்ந்த நேரம் பார்த்து அவருக்குக் கிடைச்சுது. இல்லன்னா அடுப்பு எரிஞ்சிருக்காது" என்றபடியே தண்ணீர் கொண்டுவந்து வைத்தார் டீச்சர்.

நான் போனில் முயலை ஓடவிட்டேன்.

முயல் காட்டைத் தாண்டுவதற்குள் டீச்சரின் முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது. "போதும், நிறுத்துங்க" என்றார்.

"குரல் தெரியுதாம்மா?" என்றார் அண்ணி.

"தெரியல."

நாங்கள் படியிறங்கும்போது அவர் பின்னாலேயே வந்தார். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மேடம், இந்தக் கேஸை இதோட விட்டுடுங்க. நான்தான் எடுத்தேன்னு எழுதிக் குடுத்துடறேன்."

தெருவுக்கு வந்ததும் நான் கையைத் தட்டிக்கொண்டேன். "முடிஞ்சுது அண்ணி. கட்சிக்காரரே திருடி. நல்லா வந்து வாய்ச்சாங்க நமக்கு."

"தெரியாத குரலா இருந்தா, யாரா இருக்கும்னு இன்னொரு தடவ போடச் சொல்லுவாங்க. அவங்க பாதியில நிறுத்தச் சொன்னாங்க" என்றார் அண்ணி. "திருடினவங்க பழியை அடுத்தவங்க மேல தள்ளுவாங்க. தேடி வந்து தலையில போட்டுக்கறவங்க யாரையோ மறைக்கிறாங்கன்னு அர்த்தம்."

"யாரை?"

"எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. அது தப்பா இருக்கணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன். முதல்ல அந்த ட்ரம்பெட்டைக் கண்டுபிடி."

வாத்தியங்களைப் பழுது பார்ப்பவரின் கடையில் கம்பி அறுந்த கிடார்களும் தோல் கிழிந்த டிரம்களும் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி வரிசையாகப் படுத்திருந்தன. ஒலிப்பதிவைப் போட்டோம். மெட்டு தடுக்கி விழுந்த இடத்தில் கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். வலி தெரிந்தது.

"அவரேதான். தீயணைப்புல இருந்து ரிட்டயர் ஆனவர். இந்த இடத்துல சத்தம் வரமாட்டேங்குதுன்னு மூணு தடவ கொண்டாந்து குடுத்துட்டார்."

"சரி பண்ணிட்டீங்களா?"

"ட்ரம்பெட்ல ஒரு கோளாறும் இல்ல சார்" என்றார் கடைக்காரர் துக்கத்தோடு. "மேசை நாற்காலி விக்கிற கடை இருக்குல்ல, பெரிய ஷோரூம். அதுக்கு ஒட்டின வீடு. அந்த ஷோரூம்காரங்ககூட மாடியை வாடகைக்கு விட முடியாமத் தவிச்சாங்க. இப்பதான் யாரோ வந்திருக்காங்களாம். செவிடா இருப்பாங்க போல."

ஷோரூம் மாடிக்கு ஏறும்போதே வார்னிஷ் வாசனை மூக்கில் குத்தியது. பக்கத்து வீட்டிலிருந்து மெட்டு ஏறி, எதிர்பார்த்த இடத்தில் விழுந்தது. வாசலில் கைக்கடிகாரமும் கழுத்துச் சங்கிலியுமாக ஒரு மேஸ்திரி உட்கார்ந்திருந்தார்.

"வேலை இருக்குன்னு சொன்னாங்க" என்றார் அண்ணி, முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு. "என் கொழுந்தன். வீட்ல சும்மா இருக்கான்."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் நடிக்கவில்லை.

"என்ன படிச்சிருக்க?" என்றார் மேஸ்திரி.

"டிகிரி."

"பரவாயில்ல, பாப்போம். இங்க நாலாம் வகுப்புத் தரத்துக்கு வேலை செய்யணும். போன வாரம் ஒரு எம்.ஏ.வை ஏழாம் வாய்ப்பாடு தெரியலன்னு அனுப்பிட்டோம்."

உள்ளே எட்டிப் பார்த்தேன். விற்காத மேசைகளில் வரிசை வரிசையாக வளர்ந்த மனிதர்கள். வழுக்கை, நரை, தொப்பை. ஆளுக்கொரு டேப்லெட். முன்வரிசையில் ஒரு பெரிய தொப்பைக்காரர் யானையையும் தும்பிக்கையையும் கோடு போட்டு இணைத்துக்கொண்டிருந்தார். 'சபாஷ், கண்ணா!' என்றது டேப்லெட். அவர் முகத்தில் சின்ன வெட்கம். பாராட்டு கேட்டு எத்தனை நாளாயிற்றோ.

மேஸ்திரியின் போன் அடித்தது. "சொல்லுங்க மாமா... நாளைக்கு உங்க குழு வரும்போது முழுக்கப் பச்சையா இருக்கும் மாமா, நான் பாத்துக்கறேன்... அக்கா எப்படி இருக்கா?" என்று பேசிக்கொண்டே மாடிப்படி இறங்கினார். அக்காள் புருஷனான திட்ட அலுவலர் நிதி ஒதுக்க, மச்சான் தும்பிக்கை ஒட்ட, குடும்பமே கல்விப் பணியில் இருந்தது.

மணி நாலு. நாலாம் வகுப்பு எழுந்து டீ குடிக்கப் போனது.

ஒருவர் மட்டும் போகவில்லை. கடைசி மேசையில் உட்கார்ந்து, டேப்லெட்டை வாய்க்கு அருகில் பிடித்துக்கொண்டு, காட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார். கல்யாணப் போட்டோவில் பார்த்த மீசை. இப்போதும் பயந்த முகம்தான்.

"உங்க சம்சாரம் உங்க குரலைக் கேட்டுட்டாங்க" என்றார் அண்ணி, பக்கத்தில் உட்கார்ந்து.

டேப்லெட் அவர் மடியில் விழுந்தது. "எங்க... எப்படிக் கேட்டா?"

"ஆபீஸ் சுவத்துல இருந்த பெட்டி ஒலிபரப்பிச்சு. நாங்கதான் வீட்டுக்குக் கொண்டுபோனோம்."

அண்ணியின் சந்தேகம் சரி என்று நான் நினைத்தேன். புருஷன் திருடன், பெண்டாட்டி காப்பாற்றுகிறாள். பழைய கதை. ஆனால் அந்த மனுஷர் முகத்தை மூடிக்கொண்டு, "அப்பாடா" என்றார்.

அண்ணிக்கே புருவம் ஏறியது.

"ஒரு மாசமாப் படிக்கிறேன் மேடம். ஒருத்தராவது கேட்டீங்களே" என்றார் அவர். "முதல் நாளே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பின்பக்கம் பாருங்க."

திருப்பினோம். மூலையில் மார்க்கரால் ஒரு சின்னப் பூவும் எண்ணும் வரைந்திருந்தது. "என் சம்சாரம் போட்டது. எந்தக் குழந்தைக்கு எதுன்னு அடையாளத்துக்கு. டேப்லெட் வர்றதுக்கு முந்தின நாளே வீட்ல உட்கார்ந்து ஒரு காகிதத்துல போட்டுப் பழகினா."

"அப்ப ஏன் போலீசுக்குப் போகல?" என்றேன்.

"போய் என்ன சொல்றது? 'டீச்சர்கிட்ட காணாமப்போன பொருளெல்லாம் டீச்சர் புருஷன் கையில இருக்கு'ன்னா? அவளை அப்பவே உள்ள தள்ளியிருப்பாங்க." அவர் மூக்கை உறிஞ்சினார். "மத்தவங்க எல்லாம் கணக்குப் பாடம் எடுத்துக்கிட்டாங்க. நான் வாசிப்புப் பாடம் கேட்டு வாங்கினேன். வாசிக்கிறது ஆபீசுக்குப் போகும்னு மேஸ்திரி சொன்னார். ஒரு தடிமாட்டுக் குரல் நாலாம் வகுப்புல கேட்டா யாராவது சந்தேகப்படுவாங்கன்னு பார்த்தேன். ஒருத்தரும் வரல. அஞ்சு நட்சத்திரம் குடுத்தாங்க."

"ஐயோ" என்றார் அண்ணி.

"ஒரு நாள் கதையை விட்டுட்டு, 'நாங்க மேசை நாற்காலிக் கடை மாடியில இருக்கோம், தயவுசெஞ்சு வாங்க'ன்னே படிச்சேன் மேடம்."

"அதுக்கு?"

"உச்சரிப்பு அருமைன்னு வந்துச்சு."

நான் சிரிக்கவில்லை. சிரிப்புக்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது என்றாலும், சிரிக்க வரவில்லை.

மறுநாள் காலை கல்வி அலுவலகக் கூட்ட அறையில் நிதிக் குழு உட்கார்ந்திருந்தது. தலைவி, கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்திருந்த ஓர் அம்மாள். அலுவலர் திரை அருகில் நின்று, "இந்த நிமிஷம்கூட நம்ம மேட்டுப் பள்ளிக் குழந்தைகள் ஆர்வமா..." என்று ஆரம்பித்தார்.

கதவு திறந்தது. டேப்லெட்டும் கையுமாக முப்பது பேர் வரிசையில் உள்ளே வந்தார்கள். மேஸ்திரி காலையில் வேலைக்கு வந்தபோது மாடி காலியாக இருந்திருக்கும். தெரு முனையில் நின்று, இறங்கி வந்த ஒவ்வொருவருக்கும் அண்ணி இங்கே வர வழி காட்டியிருந்தார். இரவே அவர்களிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சம்மதிக்க வைத்து, விடிந்ததும் டேப்லெட்டுகளோடு கிளப்பியது டீச்சரின் கணவர்.

"யார் நீங்க எல்லாம்?" என்றார் தலைவி.

முப்பது பேரும் கைகட்டி நின்று, ஒரே ராகத்தில் இழுத்தார்கள். "வணக்கம் டீச்சர்! மேட்டுப் பள்ளி, நாலாம் வகுப்பு!"

"எல்லாருமா?"

"ரெண்டு பேரு லீவு டீச்சர்."

தலைவி கண்ணாடியைக் கழற்றி அலுவலரைப் பார்த்தார். அலுவலர் திரையைப் பார்த்தார். திரை பச்சையாகவே இருந்தது. பாவம், அதற்கு விஷயம் தெரியாது.

"மேடம், இதை..." அலுவலர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "முதியோர் கல்வின்னு பார்க்கலாம்."

பிறகு நடந்ததை அண்ணி இரண்டே வாக்கியத்தில் முடித்தார். மேட்டுப் பள்ளிச் சாவியைத் தலைவி கையில் கொடுத்து, "சார் ரூம் பீரோவைத் திறந்து பாருங்கம்மா. அப்புறம் அவர் மச்சானை யாராவது போன்ல கூப்பிடுங்க" என்றார். பூட்டு திறந்தது, மச்சான் போனில் முதல் கேள்விக்கே, "எனக்கு ஒண்ணும் தெரியாது, மாமா சாவி குடுத்தார்" என்று கதறினார். மேட்டுப் பள்ளிப் பீரோவை ஆண்டு முழுக்க யாரும் திறக்கமாட்டார்கள் என்று மாமா நம்பியிருந்தார். நம்பிக்கையில் தவறில்லை. தலைமையாசிரியருக்கு அன்று இருப்புச் சரிபார்க்கத் தோன்றியதே விபத்து. போலீஸ் வருவதற்குள் ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவு, டீச்சர்மேல் இருந்த ஆணையை ரத்து செய்ய ஒரு குழு அமைக்கலாமா என்று யோசித்தது. தலைவி பார்த்த பார்வையில் குழு இல்லாமலே ரத்து செய்தது.

டீச்சரை நான்தான் அழைத்து வந்திருந்தேன். வராந்தாவில் தூணோடு தூணாக நின்றிருந்தார். கணவர் வெளியே வந்து அவர் எதிரில் நின்றார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் டீச்சர்.

"சொன்னா நேரா அந்த மாடிக்கு வந்து சண்டை போடுவ. அங்க வெச்சு உன்னைப் பார்த்தா அவங்களுக்கு அதுவே சாட்சியாப் போயிடும்."

"நான்... நீங்கதான் எடுத்துட்டீங்கன்னு நினைச்சுட்டேன்" என்றார் டீச்சர். "சாவி நம்ம வீட்லதானே இருந்துச்சு. வேலையும் அப்பதானே கிடைச்சுது."

கணவர் தலையாட்டினார். கோபம் இல்லை. "மேடம் சொன்னாங்க. நீ எடுத்ததா எழுதித் தரேன்னியாமே."

"ம்."

"நான் நிஜமாவே திருடியிருந்தாலும் பழியை ஏத்துக்கிட்டிருப்பியா?"

டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏத்துக்கிட்டு, வீட்டுக்கு வந்து உங்களைக் கொன்னிருப்பேன்."

கணவர் சிரிக்கத் தொடங்கி, பாதியிலேயே அழுதுவிட்டார். டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அலுவலகம் என்றும் பாராமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் இன்னும் நன்றாகப் பார்க்கத் தூணுக்கு இந்தப் பக்கம் நகர்ந்தேன்.

அண்ணி என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார்.

"வா தம்பி. இதுக்கு மேல துப்பறியறது மரியாதை இல்ல."